நரிக்குடாவின் நீலச் சீட்டு

மதலேன் தீவுகள் தமக்கென ஒரு தேர்தல் தொகுதியாக இருந்த காலத்தில் அதன் எல்லையை எழுதிவைப்பதற்கு எவரும் சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். மற்றத் தொகுதிகளுக்கு ஆறு, இருப்புப்பாதை, இன்னாருடைய வேலி என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எங்களுக்குக் கடல் போதும். கடல் தொடங்கிய இடத்தில் தொகுதி முடிந்தது. அலை ஏறும்போது சுருங்கியது, இறங்கும்போது விரிந்தது. குளிர்காலத்தில் விரிகுடா உறைந்து, எது மணல் எது பனி என்று பிரித்தறிய முடியாமற்போகும் மாதங்களில், நான் தபால் நிலையத்துச் சன்னலருகே அமர்ந்து வெளியே நோக்கினால், தொகுதி முழுவதும் தன் குதிரைகளையும் தேவாலயக் கோபுரங்களையும் வாக்காளர்களையும் ஏற்றிக்கொண்டு ஓசையின்றி எங்கோ மிதந்து செல்வதாகத் தோன்றும். நான் கற்பனைக்கு இடங்கொடுப்பவள் அல்லள். கண்டதைச் சொல்கிறேன்.

அந்தத் தொகுதி ஒரு நல்ல குதிரையின் ஆயுளளவுகூட நீடிக்கவில்லை. பெருநிலத்துக் காஸ்பே கரையோடு கட்டப்பட்டிருந்த எங்களை அவிழ்த்து, ஒட்டாவா நாடாளுமன்றத்தில் எங்களுக்கென்று ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பிறகு, மக்கள்தொகை போதாது என்று கூறி, மீண்டும் கரையோடு கட்டிவிட்டார்கள். அவிழ்ந்து கிடந்த அந்தச் சில ஆண்டுகளில் நடந்த கடைசித் தேர்தலைப் பற்றியும் அதில் எங்கள் நரிக்குடாவில் விழுந்த ஒரே ஒரு சீட்டைப் பற்றியும்தான் நான் எழுதப் புகுந்தேன்.

நரிக்குடாவில் மனிதர்கள் பிறக்கும்போதே சிவப்பாகப் பிறந்தார்கள். சிவப்பு என்றால் லிபரல் கட்சி, நீலம் என்றால் கன்சர்வேடிவ் கட்சி. அந்தப் பெயர்களை எங்கள் ஊரில் எவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. நிறம் தகப்பன் வழியில் வந்தது. பெண்ணுக்கு மட்டும், திருமணத்தன்று கணவன் வழியில் மாறியது. படகுத்துறைக் காவல், சாலை மேற்பார்வை, கலங்கரை விளக்கம், தபால் நிலையம் ஆகிய வேலைகளும் நிறத்தின் வழியாகவே வந்தன, நிறத்தின் வழியாகவே போயின. தபால் நிலையம் என்னிடம் இருந்தது. என் முன்னறையே தபால் நிலையம். நான் மணம் புரியாதவள். அந்த வேலை போனால் பெருநிலத்து நகரமான வெர்தனில் என் தம்பி வீட்டின் மூன்றாம் மாடியில், பேருந்துப் பாதையைப் பார்த்தபடி மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டியதுதான். தீவிலிருந்து வெர்தனுக்குச் சென்றவர்களில் எவரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் எழுதும் கடிதங்களைத்தான் பார்த்திருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரியில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று கேட்டிருப்பார்கள்.

வேலைகளைக் கொடுப்பதும் எடுப்பதும் பெருநிலத்திலிருந்து வரும் கட்சிக்காரரின் கையில் இருந்தன. கட்சிக்காரரின் காது நெக்தேர் வின்யோவின் வாயருகே இருந்தது. நெக்தேர் எங்கள் ஊரின் சிவப்புத் தலைவர். கடல்நாய் வேட்டையில் பனிப்பாளங்களுக்கிடையே சிக்கி ஒரு கால் விறைத்துப்போனவர். அடுப்படி நாற்காலியில் அமர்ந்தவாறே ஊரை ஆண்டவர். அவருடைய மனைவி ஒபெலின் தெற்குத் தீவின் நீலக் குடும்பத்துப் பெண். அவள் தந்தை வீட்டுச் சுவரையே நீலமாகத் தீட்டி வைத்திருந்தவர். படகிலிருந்து பார்த்தால் வானத்தில் ஒரு துண்டு கீழே விழுந்து கிடப்பதுபோல் இருக்கும். மணமகளாக நரிக்குடாவுக்கு வந்த நாள் முதல் ஒபெலினின் தேநீர்க் கோப்பையில்கூட நீலக் கோடு ஒன்று இருந்ததில்லை. அவள் அதைப் பற்றி முறையிட்டதும் இல்லை. நூலைச் சிறு பெருக்கல் குறிகளாக இடும் குறுக்குத் தையலில், தீவிலேயே மிக நேர்த்தியானது அவளுடையது.

தேர்தல் நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டு நவம்பரில். வழக்கம்போல் வாக்குச்சாவடி நெக்தேரின் சமையலறை. அடுப்புக்கும் சரக்கறைக்கும் நடுவில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு மறைவு உண்டாக்கியிருந்தார்கள். வாக்குப்பெட்டிக்கு அருகில் ஒபெலின் மீன் சூப்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். வாக்களிப்பு நடக்கும் அறையில் வெங்காயம் வதக்கலாகாது என்பது என் கருத்து. சட்டம் அதைக் குறித்து ஒன்றும் கூறவில்லை. என் கையெழுத்து தெளிவானது என்பதால் வாக்காளர் பெயர்களைப் பதியும் எழுத்தர் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். தேர்தல் அலுவலர் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு நிதானமான மனிதர்.

அந்த மனிதருக்கு அன்று பெரும் தொல்லையாக இருந்தது அடுப்பின் கதவுதான். நெக்தேரின் திருமணத்தன்று கப்பலிலிருந்து இறக்கும்போது கீழே விழுந்து, அதன் கீல் வளைந்துவிட்டது. அன்று முதல் அது தானாகவே திறந்துகொள்ளும். புதிய கீல் அடுத்த கப்பலில் வரும் என்று நெக்தேர் சொல்லிக்கொண்டே இருந்தார். கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அலுவலர் கையால் தள்ளிப் பார்த்தார், பூட்ஸால் தள்ளிப் பார்த்தார். நெக்தேரின் சகோதரி மகன் அவிலா, ஊரின் கேலிக்காரன், மண்டியிட்டு அதனிடம் மன்றாடினான். கடைசியில் ஒபெலின் வந்தாள். கதவின் கீழ்விளிம்பைக் காலணி நுனியால் சற்றே உயர்த்தி, இடுப்பால் ஒரு இடி; கையில் சூப்புக் கரண்டி இருந்தபடியே இருந்தது. கதவு மூடிக்கொண்டது. அவளையும் நெக்தேரையும் தவிர உலகத்தில் வேறு எவருக்கும் அந்த வித்தை கைவரவில்லை என்று அவிலா அலுவலரிடம் பெருமையாகச் சொன்னான். ஊரில் பலர் முயன்று தோற்ற கதை அது.

வாக்களித்தவர்கள் அன்று வழக்கத்தைவிட மெதுவாக வந்தார்கள், மெதுவாகப் போனார்கள். இனி நமக்கென்று தனிப் பெட்டி இருக்காது, கரையோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு பங்குத்தந்தை வழியாக ஊரில் பரவியிருந்தது. சிலர் விரிப்புக்குப் பின்னால் தேவைக்கு மேல் நின்றார்கள். வெளியே மூடுபனி, சன்னலில் கடலும் இல்லை, கரையும் இல்லை. உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த வெண்மையிலிருந்து அப்போதுதான் உருவானவர்கள்போல் வந்தார்கள்.

மாலையில் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். அலுவலர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துச் சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டே போனார். செபமாலையின் மறுமொழிபோல அது அறையில் சுற்றிச் சுற்றி வந்தது; நெக்தேர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சீட்டைப் பிரித்த அலுவலர் அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நீலம்."

நெக்தேர் கண்ணைத் திறந்தார். "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ பாருங்க."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"யாரோ தவறிப்போய்ப் போட்டிருப்பாங்க மாமா," என்றான் அவிலா. "மூடுபனியில நம்ம படகுன்னு நெனச்சு அடுத்தவன் படகுல ஏறிட்ட மாதிரி."

அலுவலர் சீட்டை உயர்த்திக் காட்டினார். தவறிப்போன குறி அன்று அது. இரண்டு கோடுகளும் ஒரே நீளம். சரியாக நடுவில் வெட்டிக்கொண்டன. எங்கள் ஊர்க்காரர்கள் போடும் பெருக்கல் குறி பொதுவாகக் காற்றில் சாய்ந்த வேலிக்கம்பு போல இருக்கும்.

"அளவுகோல் வச்சுப் போட்ட மாதிரில்ல இருக்கு," என்றான் அவிலா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அறையிலிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தபால் நிலையத்தில் பொட்டலக் கயிறு கோணலாக இருந்தாலும் அவிழ்த்துக் கட்டச் சொல்பவள் நான்.

ஒபெலின் அடுப்புப் பக்கமாகத் திரும்பி நின்று கிளறிக்கொண்டிருந்தாள். யார் யாருக்குச் சூப் வேண்டும் என்று திரும்பாமலே கேட்டாள்.

சிவப்பே வென்றது, தீவு முழுவதிலும் வென்றது. அந்த ஒரு சீட்டால் ஒரு தூசும் அசையவில்லை. ஆயினும் நெக்தேருக்கு அது காலில் குத்திய மீன்முள். தம் சமையலறையில், தம் அடுப்புக்குப் பக்கத்தில், தாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்த நீலம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பொறுத்திருந்துவிட்டு, மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்ததும் கோலை ஊன்றிக்கொண்டு என் முன்னறைக்கு வந்தார். நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் முதல் நற்கருணை வாங்கியவர்கள்.

"நான் போடலேன்னு ஒரு வார்த்தை சொல்லு சிதோனி. அதோட விட்டுடறேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நீதான்."

"அப்படியும் சொல்லல. என் சீட்டை மடிச்சுப் பெட்டியில போட்டாச்சு. மடிச்சத உன் முன்னால எதுக்குப் பிரிக்கணும்?"

அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். கோபத்தைவிட வருத்தமே அவரிடம் மிகுதியாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வசந்தத்தில் முதல் கப்பலில் கட்சிக்காரர் வருவார், அந்தச் சீட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார், தம்மிடம் ஒரு பெயர் இருந்தாக வேண்டும் என்றார். கட்சிக்காரர் விமானத்துக்கு அஞ்சுபவர். பனி உடைந்து கப்பல் வந்தால்தான் அவரும் வருவார். வாசலில் நின்று நெக்தேர் ஒரு முறை திரும்பினார்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

என் வாழ்நாளில் அவர் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை. அப்போதுதான் தபால் நிலையம் என் கையைவிட்டுப் போகத் தொடங்கிவிட்டதென்று அறிந்தேன்.

அதன் பிறகு பனி வந்தது. விரிகுடாவின் ஓரங்கள் முதலில் உறைந்தன; பிறகு நடுவும் உறைந்தது; பிறகு ஓசைகள் உறைந்தன. அவிலா தபால் வாங்க வரும்போதெல்லாம், "அத்தை, சிவப்புத் தபால்தலை ஒட்டின கடுதாசி மட்டும் கொடுங்க, நீலத்தத் தொட்டா மாமா திட்டுவாரு," என்பான். அவனுக்கு விஷமம்தான், வன்மம் இல்லை. மற்றவர்கள் அப்படிக்கூடப் பேசவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, காலநிலையைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்கள். மாலை வேளைகளில் நான் வெர்தனுக்கு எடுத்துச் செல்லக்கூடியவற்றையும் கூடாதவற்றையும் மனத்துக்குள் பிரித்து வைக்கலானேன். தராசு அரசாங்கத்தின் உடைமை. சன்னல் வீட்டின் உடைமை. சன்னலுக்கு வெளியே இருந்தது எவருடைய உடைமை என்று எனக்கு விளங்கவில்லை. அது வெண்ணிறமாக, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை, அசையாமல் மிதந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் ஒபெலின் வந்தாள். அன்று காலையில்தான் வானொலியில் சொல்லியிருந்தார்கள்: பேச்சு உண்மைதான், தீவுகள் கரையோடு சேரப்போகின்றன. அவள் ஒரு தபால்தலை வாங்கினாள். அதைக் கைப்பைக்குள் வைக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைதானே சிதோனி," என்றாள். "நான் இல்லேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டாத்தான் என்ன?"

"நான் சொன்னா அடுத்த ஆளைக் கேப்பாரு. அவங்களும் நான் இல்லேம்பாங்க. அப்புறம் அடுத்த ஆளு. இப்படி ஒவ்வொருத்தரா ஒதுங்கிக்கிட்டே போனா, அந்த வார்த்தையைச் சொல்ல முடியாத ஒருத்தர் மட்டும் கடைசியில நடுவுல தனியா நிப்பாங்க. அது நல்லாவா இருக்கும்?"

"அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன்."

"அவங்களுக்காக நீ வெர்தனுக்குப் போவியா?"

"யாருக்காகவும் போகல. எனக்கு மடிப்பு கலையக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் கைப்பையை மூடினாள். பிறகு கையுறையை அணிந்துகொண்டு வெளியே சென்றாள். வீட்டுக்குத் திரும்பாமல், பனியின் மீது கொஞ்ச தூரம் நடந்து, தெற்குத் தீவு இருக்கும் பக்கம் பார்த்து நின்றாள். அன்றைய வெளிச்சத்தில் எந்தத் தீவும் தெரியவில்லை. அவள் கறுப்பாகவும் சிறிதாகவும், ஒரு தாளின் நடுவில் இட்ட குறிபோல் நின்றாள்.

மார்ச்சில், தவக்காலத்தின் நடுநாள் வந்தது. அந்த நாளைத் தெரியாத தீவுக்காரர் இல்லை. நோன்பைப் பாதியில் நிறுத்திவைத்து, வேடமிட்டுக்கொண்டு வீடு வீடாகச் செல்வோம். வேடமிட்டவர் முகத்தை மறைத்திருப்பார். குரல் பிடிபடாதிருக்க மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே பேசுவார். யார் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்துப் பெயரைச் சொன்னால் முகத்திரையை நீக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஒரு கோப்பை கொடுத்து அப்படியே அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் யார் என்று எவரும், எக்காலத்திலும், விசாரிக்கலாகாது. வீட்டுக்காரர் சொல்லும் முன் மற்றவர் பெயர் சொல்வதும் முறையன்று. எங்கள் ஊரில் மீறப்படாத சட்டங்கள் சிலவே. அவற்றில் இது ஒன்று.

நெக்தேர் கண்டுபிடிக்கத் தவறியதே இல்லை. பூட்ஸைப் பார்த்துச் சொல்வார், இருமலைக் கேட்டுச் சொல்வார். வாசலில் பனியை உதறும் ஓசையை வைத்தே ஒரு முறை ஒரு குடும்பம் முழுவதையும் சொன்னவர். அவருடைய சமையலறையில் அகப்படாமல் வெளியேறுவதை இளைஞர்கள் வாழ்நாள் இலட்சியமாக வைத்திருந்தார்கள்.

ஒபெலின் என்னை முந்தின நாளே அழைத்திருந்தாள். பாகு ரொட்டி சுட்டிருப்பதாகவும் நான் வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னாள். வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள் என்று அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும். பிற்பகல் சாயும் வேளையில் போய் அமர்ந்தேன். வீட்டில் ஒபெலின் இல்லை. ஊர்க்கோடியில் இருக்கும் லெயோந்தினுக்குப் பிரசவ வேளை நெருங்குவதால் துணைக்குப் போயிருப்பதாக நெக்தேர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் அடுப்படி நாற்காலியில் விறைத்த காலை நீட்டி அமர்ந்திருந்தார்; சுவரோரம் அண்டைவீட்டார் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. சன்னல்கள் வழியே வந்த பனியின் வெளிச்சம் எல்லா முகங்களையும் நீரின் அடியில் உள்ளவைபோல் காட்டியது. அடுப்புக் கதவு திறந்து கிடந்தது.

வேடங்கள் வந்தன. கடற்பாசி மீசை வைத்த கிழவி ஒருத்தி. தலைகீழாக நடப்பதுபோல் கைகளில் பூட்ஸ் மாட்டிய ஒருவன். தார்ப்பாய் அங்கி அணிந்து எல்லாரையும் ஆசீர்வதித்த மேற்றிராணியார். மேற்றிராணியார் கையை உயர்த்தும் முன்பே நெக்தேர், "அவிலா, உங்கம்மா திரைச்சீலையைக் கழட்டி வை," என்றார். அறை சிரித்தது. அவிலா திரையை நீக்கிவிட்டு என் பக்கத்தில் அமர்ந்து பாகு ரொட்டி தின்னத் தொடங்கினான்.

அப்போது கதவு மெதுவாகத் திறந்தது.

உள்ளே வந்த உருவம் தலை முதல் கால் வரை வெண்மையாக இருந்தது. நீண்ட வெள்ளைத் துணி ஒன்றை நடுவில் மடித்து, மடித்ததை மீண்டும் மடித்து, ஒரு பொதிபோல உடலைச் சுற்றி அணிந்திருந்தது. முகத்தில் வெள்ளைச் சல்லடைத் துணி. அறையின் நடுவே வந்து நின்று, மடிப்பை ஒரு கையால் விலக்கியது. மார்பில் கரியால் வரைந்த பெரிய பெருக்கல் குறி. இரு கோடுகளும் ஒரே நீளம்.

நடமாடும் வாக்குச்சீட்டு. ஒருவரும் சிரிக்கவில்லை. வாசல் வழியே வந்த குளிர் எங்கள் கணுக்கால்களைச் சுற்றி ஓடியது.

"நான்தான் அந்த நீலம்," என்றது உருவம். உள்ளிழுத்த மூச்சில் வந்த அந்தக் குரல் ஆணுடையதும் அன்று, பெண்ணுடையதும் அன்று. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. "தபால்காரி போடல. நான் போட்டேன். இனிமே நமக்குன்னு ஒரு பெட்டி கிடையாதாம். அதான், ஒரே ஒரு தடவ."

நெக்தேர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அவருடைய கண்கள் வழக்கமான வேலையைத் தொடங்கின. பூட்ஸ் மேல் சாக்கு சுற்றியிருந்தது; கைகளில் தடித்த கையுறை; துணியின் கனத்தில் உயரமும் பருமனும் தெரியவில்லை. உருவத்தை ஆடச் சொன்னார். வேடத்தை ஆடச் சொல்வது வீட்டுக்காரரின் உரிமை. மூலையில் இருந்தவர் வயலினை எடுத்து ரீல் என்னும் துள்ளல் நடன மெட்டு ஒன்றைத் தொடங்கினார். உருவம் ஆடியது, நன்றாக ஆடவில்லை, வேண்டுமென்றே ஆடத் தெரியாததுபோல் ஆடியது. சுற்றிச் சுற்றி வந்தது. வெளிச்சம் குறையக் குறைய அந்த வெண்மை மட்டும் அறையில் மிதந்தது. நெக்தேருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பதை நான் அவர் நெற்றியில் கண்டேன்.

மூன்றாம் சுற்றில் உருவம் அடுப்பைக் கடந்தது. திறந்து கிடந்த கதவிலிருந்து வெப்பம் அதன் துணியைத் தொட்டிருக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்தாமலேயே, தான் செய்வது இன்னதென்று அறியாமலேயே, சாக்கு சுற்றிய பாதத்தின் நுனியால் கதவின் கீழ்விளிம்பைச் சற்றே உயர்த்தி, இடுப்பால் ஒரு இடி இடித்தது.

கதவு மூடிக்கொண்டது.

வயலின் நிற்கவில்லை, வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சுவரோரம் இருந்தவர்கள் மார்பிலிருந்த குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவிலா ரொட்டித் துணுக்கைப் பொறுக்கக் குனிந்திருந்தான். நான் பார்த்தேன். நெக்தேர் பார்த்தார். உருவம் இரண்டு அடி சென்ற பிறகு தன் பாதத்தை நினைத்துப் பார்த்ததுபோல் நின்றுவிட்டது. திரும்பி அவரை நோக்கி நின்றது, ஓடவில்லை.

நெக்தேரின் கை நாற்காலியின் கைப்பிடி மீது கிடந்தது. அது ஒரு முறை இறுகித் தளர்ந்தது. அவர் எதைக் கண்டார் என்பதை நான் எப்படி அறிவேன்? வெகுகாலத்துக்கு முன் தெற்குத் தீவிலிருந்து வந்த படகில், நீல உடையில், கடற்காற்றில் தலைமுடி பறக்க நின்ற ஒரு பெண்ணை அவர் கண்டிருக்கலாம். சுவரிலிருந்த சிவப்பு விளிம்புக் கோப்பைகளைக் கண்டிருக்கலாம். வயலின் மெட்டை முடித்து ஓய்ந்தது. வெளியே பனி மட்டும் விரிகுடாவில் எங்கோ ஒரு நீண்ட முனகலுடன் நகர்ந்தது.

"போப்பாண்டவர்," என்றார் நெக்தேர்.

உருவம் தலையை அசைத்து மறுத்தது. சிலர் சிரித்தார்கள்.

"அப்ப, ராணியம்மா."

மீண்டும் மறுப்பு.

"மாமா, நல்லாப் பாருங்க," என்றான் அவிலா, ஆவல் தாளாமல். "உயரத்த வச்சுச் சொன்னா..."

"என் வீடு. நான்தான் சொல்லணும்." நெக்தேர் அவன் பக்கம் திரும்பவில்லை. பிறகு அந்தச் சமையலறையில் அதுவரை எவரும் கேட்டறியாத சொல்லை, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "தெரியல."

கையை ஊன்றி எழுந்தார். அவர் ஒரு வேடத்துக்காக எழுந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் வடித்த பகோஸ் மதுவைத் தாமே ஒரு கோப்பையில் ஊற்றி, அந்தத் தடித்த கையுறைக்குள் வைத்து, அது நழுவாமலிருக்கத் தம் கையால் பிடித்துக்கொண்டார். உருவம் துணியைச் சற்றே விலக்கிக் குடித்தது.

"வெளிய குளிரு," என்றார் நெக்தேர், அந்நியரிடம் பேசும் மரியாதையோடு. "பாத்துப் போங்க."

வெண்மை வெளியேறி வெண்மையில் கலந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு அறையைப் பார்த்துத் திரும்பினார்.

"கண்டுபிடிக்க முடியாத வேஷத்தை அப்புறம் யாரும் தேடக் கூடாது. தெரியுமில்ல? நீலமும் அதோட போச்சு." பிறகு, பார்வை அடுப்பின் மேல் இருக்க, "சிதோனி, உன் கோப்பை காலியா இருக்கு. ஊத்திக்க," என்றார்.

ஊற்றிக்கொண்டேன். நான் தவக்காலத்தில் மது அருந்துவதில்லை. அன்று அருந்தினேன்.

விளக்கேற்றிய பிறகு ஒபெலின் பின்வாசல் வழியாக வந்தாள். கன்னங்கள் குளிரில் சிவந்திருந்தன. லெயோந்தின் எப்படி இருக்கிறாள் என்று நெக்தேர் விசாரித்தார். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றாள். அவர் தம் நாற்காலியை அடுப்பருகிலிருந்து நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

"நல்ல வேஷம் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டாள் அவள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"ஒண்ணு வந்துச்சு. எனக்குப் பிடிபடல."

"உங்களுக்கா?"

"வயசாகுதுல்ல."

அவள் அடுப்பின் மேலிருந்த கெண்டியை எடுத்தாள். மூடியிருந்த கதவை இருவருமே பார்க்கவில்லை.

அந்த வாரம் நான் தபால் கொடுக்கப் போனபோது சமையலறைத் தரையில் இரும்புத் தூள் கிடந்தது. நெக்தேர் விறைத்த காலை ஒருபுறம் நீட்டித் தரையில் அமர்ந்து, ஒரு பழைய படகாணியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கப்பலை எதிர்பார்க்கவில்லை. ஆணி கீலில் பொருந்தியது. கதவை ஒற்றை விரலால் தொட்டார், மூடிக்கொண்டது. ஒபெலின் மாவு படிந்த கைகளோடு நின்று பார்த்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள்.

"இப்ப யாரு வேணாலும் மூடலாம்," என்றார் அவர்.

பனி உடைந்து முதல் கப்பல் வந்தது. கட்சிக்காரர் வந்து, கடல் மயக்கம் தீரும்வரை என் முன்னறையில் அமர்ந்து தேநீர் குடித்தார். நெக்தேர் அவரிடம் படகுத்துறைப் பலகைகள் உளுத்துப்போயிருப்பதைப் பற்றி மட்டும் மிக நீளமாகப் பேசினார். வெர்தனிலிருந்த என் தம்பிக்கு, காற்று வடமேற்கிலிருந்து வீசுகிறது என்று எழுதினேன்.

அடுத்த தேர்தலில் எங்கள் பெட்டி பெருநிலத்துப் பெட்டிகளோடு சேர்ந்தது. கரையில் எங்களைவிட வாக்குகள் அதிகம். எங்கள் நிறம் எதுவாயினும் அவற்றுக்குள் கலந்து போய்விடும். வாக்குச்சாவடியும் பள்ளிக்கூடத்துக்கு மாறியது. அங்கே எவரும் வெங்காயம் வதக்குவதில்லை. அது முறையே. ஆயினும், விரிகுடா உறைந்த நாள்களில் நான் இன்னமும் சன்னலருகே அமர்ந்து பார்க்கிறேன். எல்லையற்ற வெண்மை, நான்காக மடித்தாற்போல் அசையாமல் கிடக்கிறது. நான் அன்று எந்த நிறத்துக்குக் குறியிட்டேன் என்று இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இங்கும் சொல்லப்போவதில்லை.